எண்ணியது என் குரல்

மே 2, வெள்ளி

கா. 5.30. நேற்றைய வெக்கை இன்னும் சுவரில். கிணற்றில் தண்ணீர் தாழ்ந்துவிட்டது, மோட்டார் வெறும் காற்றை இழுக்கிறது. மழை வருவதுபோல் இருட்டி, மேற்கே போய்விட்டது.

செய்ய வேண்டியவை:
- பி.பி. மாத்திரை
- அருமனை போய் ரசகதலி ஒரு சீப்பு, சேமியா, அப்பளம்
- மாடி அறைப் பாய், தலையணை வெயிலில்
- சுஜினுடைய போலீஸ் சான்றிதழ். திங்கள் வரச் சொல்லியிருக்கிறார்கள். நினைவூட்ட.

மகள் மினியும் மருமகன் சுஜினும் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு நாள். மாதக் கடைசியில் சுஜினுக்கு மஸ்கட்டில் வேலை. சான்றிதழ் இல்லாமல் விசா இல்லை. அதற்கு முன் நாளைக் கச்சேரி. கிட்டார் வாசிக்கிறான், கொச்சிக்காரர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு குழு. நம் ஊர் மன்றத்து ஆண்டுவிழாவுக்கு அவனைக் கேட்டார்கள், ஒத்துக்கொண்டான். தெருமுக்கில் போர்டு வைத்திருக்கிறார்கள்: "மாபெரும் ப்ளூஸ் ராக் கானமேளா". பக்கத்தில் சிரிக்கும் சுஜின், பின்னால் அருவி. அருவி எதற்கு என்று தெரியவில்லை.

அடுக்களையில் நின்றுகொண்டு ப்ளூஸ் என்றால் என்ன என்று சொல்லித் தந்தான்.

"மாமி கணக்கு டீச்சருல்லா. ஈசியாட்டு மனசிலாவும். மொத்தம் பன்னிரண்டு கட்டம். முடிஞ்சா திரும்ப ஒண்ணுல தொடங்கணும். ஒரு வரியச் சொல்லணும். அதே வரிய ரெண்டாமத்தும் சொல்லணும். மூணாவது வரியில அதுக்குப் பதிலு."

"என்ன வரிடே?"

"எல்லாம் வருத்தந்தான் மாமி."

வில்லுப்பாட்டில் பாடுகிறவர் சொன்னதைப் பக்கத்தில் இருப்பவர் வாங்கித் திரும்பச் சொல்வாரே, அப்படியா என்றேன். "அதேதான்" என்று துள்ளினான். கரண்டியால் தாளம் போட்டுக் காட்டினான். சாம்பார் தெறித்தது. நல்ல பிள்ளை. கோபம் வந்து நான் பார்த்ததில்லை. மினி அவனைக் கட்டியதே அதனால்தான்.

மே 3, சனி

கா. 11. கொச்சிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பாடுகிற பெண் ஈர்க்குச்சி மாதிரி, குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ட்ரம்ஸ் வாசிக்கும் பையனுக்கு இடுப்புவரை முடி. என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், யாரையும் முன்கண்ணாடியில் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்.

"எட்டி ராதா, அவனுக்கு எண்ண குடுத்தியா? ஒரு படி பிடிக்கும்போல."

மூன்று தரம் சேமியா பாயசம் வாங்கிக் குடித்தார்கள். மதியம் மேடையில் சோதித்துப் பார்த்தார்கள். ட்ரம்ஸின் இரும்புக் கால் பலகையில் வழுக்குகிறது என்று அந்தப் பையன் புலம்பினான். "எதையாவது முட்டுக் குடுத்தா நிக்கும்."

மாத்திரை வாங்கவில்லை. மறந்துவிட்டது.

மா. 5.30. புறப்படுகிறோம். நான் நீலக்கரைச் சேலை. மினி சொல்கிறாள், "ம்மா, ஸ்கூல் ஆண்டுவிழாவுக்குப் போற மாதிரி இருக்கியே." போவது பள்ளிக்கூட மைதானத்துக்குத்தான். முப்பத்திரண்டு வருஷம் கற்றுக்கொடுத்த இடம்.

மே 4, ஞாயிறு

கா. 6. தூங்கவில்லை. இடது உள்ளங்கையில் நான்கு தையல்.

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். விடை வராவிட்டாலும் வழிமுறையை எழுது, அதற்கும் மதிப்பெண் உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

ஆறரைக்குத் தொடங்கியது. நல்ல கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், கடலை வண்டி, ஐஸ் வண்டி. எங்களுக்கு மேடையின் இடப்பக்கம், படிக்கட்டை ஒட்டி இடம். முதல் பாட்டில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். "கியர் பாக்ஸ் போச்சுன்னா எனக்க வண்டியும் இப்பிடித்தான் கத்தும்." எனக்குப் பிடித்தது. விரலை மடக்கிக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டில் கை திரும்ப விரியும். சுஜின் கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இழுத்து இழுத்து விட்டான். மனிதர் அழுவது போலவே இருந்தது, சொல் மட்டும் இல்லை. மினி என் தோளில் சாய்ந்திருந்தாள்.

பிறகு சீட்டுகள் வந்தன.

எங்கள் பக்கத்துக் கானமேளாவில் கூட்டத்திலிருந்து சீட்டுக் கொடுப்பார்கள். என்ன பாட்டு வேண்டும் என்று எழுதி, கீழே பெயரும் ஊரும். பாடுவது பாடாதது அவர்கள் இஷ்டம். ஆனால் பெயரை மைக்கில் வாசித்தே ஆக வேண்டும். கல்யாண வீட்டு வாசலில் நின்று "வாருங்கோ" என்று சொல்வதுபோல. அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் எந்த இலையிலும் மனிதன் உட்காரமாட்டான். கொச்சிப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. சுஜின் மறந்திருப்பான். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

என்னிடம் படித்தவர்கள் என்னிடமே கொண்டுவந்து தந்தார்கள். "டீச்சரே, மருமவன்கிட்டக் குடுத்திருங்க." பதினான்கு சீட்டு. பழக்கதோஷம், எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்று பிரதீஷ் தந்தது. ஜேசிபி வைத்திருக்கிறான், மேடைக்கு மண் நிரப்பிக் கொடுத்தது அவன்தான். அவன் சீட்டில் பாட்டே இல்லை. "அண்ணன் பிரகாஷ் நினைவாக" என்று மட்டும். பிரகாஷ் போன வருஷம் ரப்பர் ஏற்றிய லாரியில் அடிபட்டுப் போனவன். அவனும் என் வகுப்பு.

படியேறிச் சுஜின் காலடியில் இருந்த பெட்டிமேல் வைத்தேன். அவன் தலையாட்டினான். பாட்டு நடுவில் ட்ரம்ஸ் பையன் எட்டி அந்தச் சீட்டுகளை எடுத்தான். நாலாக மடித்தான். வழுக்கும் இரும்புக் காலுக்கு அடியில் திணித்தான். மிதித்து இறுக்கினான்.

நான் பார்த்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஒன்பதாவது கட்டத்தில் இருந்தேன். பன்னிரண்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

முன்வரிசையும் பார்த்துவிட்டது.

"எலே, நம்ம பேர எல்லாம் காலுக்க அடியில வச்சி மிதிக்கான் பாருலே!"

முதல் நாற்காலி பாடுகிற பெண்ணின் வாயில் பட்டது. மைக்கில் பல் மோதிய சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. அவள் குனிந்து, உள்ளங்கையில் துப்பி, அதை ஆச்சரியமாகப் பார்த்தாள். அடுத்து பத்து நாற்காலி. ட்ரம்ஸ் பையனை முடியைப் பிடித்துப் பலகையில் இழுத்தார்கள், முகம் கீழே, இரண்டு பேர் முதுகில் மிதித்தார்கள். பேஸ் கிட்டார் வாசித்த மூன்றாமவன் மேடைக்குப் பின்னால் குதித்தான்; அங்கேயும் ஆள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். வருகைப் பதிவேட்டில் வரிசையாகக் கூப்பிட்டிருக்கிறேன்.

பிரதீஷ் சுஜினிடம் வந்தான். "எனக்க அண்ணனுக்க பேரு எங்கலே?" சுஜினுக்குப் புரியவில்லை, இரண்டு கையையும் விரித்தான். பிரதீஷ் கிட்டாரைப் பிடுங்கினான். தோள்வார் கழுத்தில் மாட்டியிருந்தது. முறுக்கினான். இரண்டு சுற்று. சுஜினின் கால் தரையைவிட்டு எழும்பியது.

அப்போது யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள்.

இருட்டு. அங்கங்கே செல்போன் வெளிச்சம். மினி "யாராவது வாங்களேன்" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் நான்கு படி ஏறினேன். கையில் மைக் ஸ்டாண்ட் தட்டுப்பட்டது. வட்டமான இரும்பு அடிப்பாகம், ஆட்டுக்கல் குழவி கனம். தலைகீழாகப் பிடித்தேன். மாமரத்தில் தொரட்டி ஓங்குகிற மாதிரி ஓங்கினேன்.

"ஒண்ணு."

அவன் முன்கையில். பச்சை மரச்சீனிக் கம்பு ஒடிகிற சத்தம்.

"ரெண்டு."

தோள்பட்டையில்.

"மூணு."

தலையில். தேங்காயை வெட்டுகத்தியின் முதுகால் தட்டும்போது தண்ணீர் தெறிப்பதற்குச் சற்று முன் வருமே, அந்தச் சத்தம்.

விழுந்தான். இன்னும் ஓங்கியிருந்தேன். நான்கு என்று வாய்வரை வந்துவிட்டது. ஸ்டாண்டைப் பிடித்து நிறுத்தியது சுஜின். மூச்சு வரவில்லை அவனுக்கு, சீட்டியடிப்பதுபோல் இழுத்துக்கொண்டே, "மாமி, விடுங்க, கைய விடுங்க" என்றான். பிடுங்கிக்கொண்டான். ஸ்டாண்டின் திருகு என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

வெளிச்சம் வந்தது. சுஜின் கையில் ரத்தம் சொட்டும் ஸ்டாண்ட். காலடியில் பிரதீஷ். மொத்த ஊரும் பார்த்தது. நான் ஓரமாக நீலக்கரைச் சேலையில்.

போலீஸ் வந்து கேட்டபோது சுஜின் சொன்னான்: "ஆமா, நான்தான்."

நான் வாயைத் திறக்கவில்லை. இதை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

மா. 4. சுஜினை நாகர்கோவில் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொலைமுயற்சி வழக்கு. பிரதீஷ் பெரிய ஆஸ்பத்திரியில், மண்டையோட்டில் விரிசல், நினைவு இல்லை.

மே 5, திங்கள்

மழை இல்லை. சேலையை ஊறவைத்தேன். மூன்று தண்ணீர் மாற்றியும் சிவப்பு போகவில்லை. என் ரத்தமா அவன் ரத்தமா.

இன்றுதான் சான்றிதழ் வாங்கப் போயிருக்க வேண்டிய நாள்.

மினி பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கேஸுக்கு என்ன செய்யலாம் என்று அப்பா கேட்டதற்கு அவள் சொன்னது:

"அவன் வெளிய வரட்டு, வராம இருக்கட்டு. நான் இனி அவன்கூட இல்ல. பிரதீஷ் கழுத்த நெரிச்சான், இவன் தள்ளி விட்டான், அதெல்லாம் செரி. மூணு அடின்னு போலீஸு எழுதியிருக்கு, விழப்போறவனுக்க தலையில மூணாமத்தும் அடிச்சிருக்கான்லா? அப்பிடி அடிக்குத ஒரு ஆளுகூட நான் எப்பிடிப்பா உறங்குவேன்? நம்ம வீட்டுல யாரும் கை ஓங்கிப் பாத்ததில்ல. அம்மா ஒரு கொசுவ அடிச்சதில்ல."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தொடர்ந்து களைந்தேன்.

அடிக்காத டீச்சர். அதுதான் எனக்கு ஊரில் பெயர். உண்மை முழுதாக இப்படி: வேலைக்குச் சேர்ந்த வருஷம், காலை அசெம்பிளியில் பெரிய சார் பிரம்பால் அடிப்பார். எண்ணிக்கை பிசகக்கூடாது என்று கணக்கு டீச்சரை எண்ணச் சொல்வார். நான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. தெளிவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஒன்பது வருஷம், அவர் ஓய்வு பெறும்வரை. என் கையில் பிரம்பு இருந்ததில்லை. அதனால் நான் அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இவரிடம் சொன்னேன்.

ரொம்ப நேரம் ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு:

"ஒனக்கு அறுபத்திமூணு வயசு. பி.பி. உண்டு. ஜெயிலுல ஒரு மாசம் தாங்குவியா?"

"சுஜின் தாங்குவானா?"

"அவன் பையன்லா. தாங்குவான். அவனே பறஞ்சாச்சி, நான்தான்னு. பேசாம இரி."

"மினி அவன விட்டுருவா."

"விடமாட்டா. கோவம் போவும்."

முப்பத்தாறு வருஷத்தில் இவரை முதல் தடவையாக அடிக்க வேண்டும்போல் இருந்தது. கை தானாகவே மூடிக்கொண்டது, தையல் இழுத்தது. எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அது வந்தது. ஒருதரம் திறந்த குழாய் சொட்டுவதுபோல.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த மூன்று அடியும் அடிக்கும்போது நன்றாக இருந்தது. உடம்பில் கனமே இல்லை.

மே 6, செவ்வாய்

பிரதீஷுக்கு நினைவு வந்துவிட்டது. கடவுளே.

நாங்கள் வைத்த வக்கீல் சிறையில் சுஜினைப் பார்த்துவிட்டு வந்தார். கழுத்தைச் சுற்றி கறுப்பாக வரி விழுந்திருக்கிறதாம், கஞ்சி மட்டும்தான் இறங்குகிறதாம். எனக்கு ஒரு செய்தி: "மாமி ஒண்ணும் பேசவேண்டாம்னு சொல்லுங்க." வக்கீல் என்னைக் கூர்ந்து பார்த்தார். அவருக்குப் பாதி புரிந்திருக்கிறது.

மதியம் ஆட்டோ பிடித்து ஸ்டேஷன் போனேன், இவரிடம் சொல்லாமல். இன்ஸ்பெக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். அடித்தது நான் என்றேன். எப்படி ஓங்கினேன் என்று எழுந்து நின்று காட்டினேன். உள்ளங்கைத் தையலைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, உங்க நல்ல மனசு புரியுது. மருமகன் மேல பாசம். எல்லா மாமியாரும் இப்பிடி இருந்தா எனக்கு வேலையே இருக்காது."

"நான் பொய் சொல்ல வரல்ல சார்."

"அந்த ஸ்டாண்ட் என்ன கனம்னு தெரியுமா? நான் தூக்கிப் பாத்தேன். அடிபட்டவரே காலையில வாக்குமூலம் குடுத்துட்டார். சுஜின்தான் அடிச்சார்னு."

பிரதீஷா? அவன் என்னைப் பார்த்தான். இரண்டாவது அடியில் ஒரு செல்போன் வெளிச்சம் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது. "டீச்சரே" என்றுகூடச் சொன்னான். நன்றாக நினைவிருக்கிறது.

சில்லென்று ஒரு மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை வந்த ஹெட் கான்ஸ்டபிள் ஜெயா என் பழைய மாணவி. "டீச்சரே, வீட்டுல போய் கெடந்து ரெஸ்ட் எடுங்க. ஒரு ஈயைக்கூட நீங்க..." நான் முடிக்கவிடவில்லை.

இப்படி ஒரு தண்டனை உண்டு என்று நினைத்ததில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆட்டோ ஏற்றிவிடுகிறார்கள்.

மே 7, புதன்

கா. நல்ல மழை, இடியோடு. மாமரத்தில் ஒரு கொம்பு முறிந்து மாட்டுக்கொட்டில் ஓட்டில். கிணறு ஒரு முழம் ஏறியிருக்கிறது.

ஊர் வாட்ஸாப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. ஒரே இருட்டு. மினியின் அலறல். நடுவில் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல்: ஒண்ணு. ரெண்டு. மூணு. கீழே எவனோ எழுதியிருக்கிறான்: "ஆளுவள அடிச்சி நொறுக்குயானுவ, இவ ஒருத்தி இருட்டுல மைக் டெஸ்ட் பண்ணுகா." சிரிக்கும் முகங்கள் வரிசையாக.

போனை எடுத்துக்கொண்டு மினியிடம் போனேன். படுத்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் ஓடவிட்டேன். எண்ணிக்கை வந்தது. திரும்ப ஓடவிட்டேன்.

அவளுக்கு அந்தக் குரல் தெரியும். நாலு வயதில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த குரல். குளிக்கும்போது தலையில் ஊற்றும் செம்பை எண்ணிய குரல். எழுந்து உட்கார்ந்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ம்மா."

"ஆமா மக்களே."

"மூணாவது?"

"மூணும் நான்தான்."

"அவன் எனக்கிட்டக்கூடச் சொல்லல்ல. நான் போலீஸு முன்ன வச்சே அவன் மொகத்துல துப்புனேன். அப்பயும் சொல்லல்ல." பிறகு, "நீ பக்கத்துல நின்னிட்டுப் பாத்தியே ம்மா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டாள். என் மகள் என் கையைக் கண்டு பயந்து இழுத்துக்கொண்டாள்.

மா. 3. மினி அப்பாவிடம், அடுக்களையில்: "நாளைக்கே அம்மாவ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா நான் கூட்டிட்டுப் போவேன்." இவர் மாத்திரை ஞாபகமாக வாங்கி வந்திருக்கிறார். ஒரு மாதத்துக்கு.

மே 8, வியாழன்

முதலில் பிரதீஷ். அவன் மாற்றிச் சொன்னால்தான் இன்ஸ்பெக்டர் கேட்பார்.

இவர் கூட வந்தார், வார்டு வாசலில் நின்றுகொண்டார். ஆரஞ்சு வாங்கிப் போனேன், பிறகு வெட்கமாக இருந்தது, பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பிரதீஷின் தலை முழுக்கக் கட்டு, இடது கண் மூடிவிட்டது, வலது கை மாவுக்கட்டில். நான் செய்த வேலை. பக்கம் பக்கமாகப் பார்த்தேன், திருத்திய விடைத்தாளைப் பார்ப்பதுபோல். அவன் மனைவியை டீ வாங்க அனுப்பினான்.

"அடிச்சது யாருன்னு ஒனக்குத் தெரியும்லா. எதுக்குடே மாத்திச் சொன்ன?"

திறந்திருந்த கண்ணால் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்ன என்னத்தச் சொல்லணும் டீச்சரே? பென்சன் வாங்குத ஒரு பொம்பள என்னிய அடிச்சி மண்டைய ஒடச்சிட்டான்னா? எனக்க கீழ பன்னிரண்டு பேரு சோலி பாக்கானுவ. நாளைக்கு எவனாவது எனக்க சொல்லு கேப்பானா? நான் செத்தாலும் சொல்லமாட்டேன்."

"அந்தப் பையன் ஜெயிலுல கெடக்கான். விசா போவும். எனக்க மகளுக்க வாழ்க்க போவும்."

"எனக்க அண்ணன் போனான்லா. அவனுக்க பேர நீங்கதான கொண்டு குடுத்தீங்க. வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"அத அவன் காலுக்க கீழ வச்சத?"

"பாத்தேன்."

"பாத்திட்டா இருந்தீங்க?"

"பாட்டு முடியட்டும்னு இருந்தேன்."

சிரித்தான். சிரித்தது வலித்து, முகம் கோணிற்று. பக்கத்துப் படுக்கையில் ஒரு கிழவர் ஓயாமல் இருமினார்.

"டீச்சரே, ஒண்ணு கேக்கட்டா. மொத அடியில எனக்க கை ஒடிஞ்சாச்சி. ரெண்டாவது அடியில வார விட்டாச்சி. ஒங்கள பாத்தேன். டீச்சரேன்னு கூப்பிட்டேன். மூணாவது என்னத்துக்கு?"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானே என்னிடம் கேட்காத கேள்வி. வக்கீலிடம் என்ன சொல்வது என்று யோசித்திருந்தேன். இருட்டு, தெரியவில்லை, பதற்றம். மூன்றும் பொய்.

"நீ விட்டது தெரிஞ்சுது. நீ கூப்பிட்டது கேட்டுது. அடிக்கணும்போல இருந்துது, அடிச்சேன்."

அவன் கண்ணில் நீர் வந்தது. வலியாலா தெரியவில்லை.

"நாலாவதும் ஓங்குனீங்க."

"ஆமா."

டீ வந்தது. அவன் மனைவி எனக்கும் ஒன்று வாங்கிவந்திருந்தாள், பாவம், எதுவும் தெரியாமல். குடித்தேன்.

எழுந்தபோது சொன்னான்: "அந்த மூணாவத நீங்க ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. இப்ப எனக்கிட்டச் சொன்ன மாதிரியே. அப்பம் நானும் மாத்திச் சொல்லுகேன். ஊரு சிரிச்சா சிரிக்கட்டு. ரெண்டுன்னு எழுதுனா நான் சொல்லமாட்டேன்."

"செரி."

"அண்ணனுக்க பேரையும் ஒருக்க மைக்குல வாசிக்கச் சொல்லுங்க. எப்பமாவது."

மே 9, வெள்ளி

கா. 6. தூறல். பைக்குள்: இரண்டு சேலை, மாத்திரை, கண்ணாடி, துண்டு, பல்பொடி. நோட்டை எடுத்துப் போகலாமா தெரியவில்லை. எடுத்துப்போகிறேன்.

மினி இட்லி வைத்துத் தந்தாள். எதிரில் உட்கார்ந்தாள், தட்டைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு மணிக்கு வக்கீல் சுஜின பாக்கப் போறாரு. நானும் போறேன். அவன் எனக்க மொகத்தப் பாப்பானோ என்னவோ." நான் ஏதோ சொல்லப் போனேன். "நீ பேசாத ம்மா, தின்னு" என்றாள்.

கா. 11. ஸ்டேஷன் பெஞ்சில் எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார். வீடியோவை ஜெயாவிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேள் என்றேன். கேட்டாள். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று என்னைப் பார்த்தாள், எட்டாம் வகுப்பில் நான் உள்ளே வரும்போது எழுந்து நிற்பாளே, அதே மாதிரி. ஆனால் பின்னால் ஒரு அடி தள்ளி.

வக்கீல் குனிந்து காதில்: "ரெண்டு அடின்னு எழுதுங்கம்மா. கழுத்த நெரிச்ச கைய விடுவிக்க ரெண்டு. தற்காப்பு. ஜட்ஜு நம்புவாரு, சீக்கிரம் வெளிய வந்திரலாம். மூணாவது எப்பிடி விழுந்துதுன்னு தெரியல்லன்னு சொல்லுங்க. மூணுன்னு நீங்களே எழுதிக் குடுத்தா எனக்குச் செய்ய ஒண்ணுமில்ல."

இவரும் தலையாட்டினார். என் தையல் போட்ட கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கல்யாண நாளன்று பிடித்ததற்குப் பிறகு பொது இடத்தில் இதுதான்.

ஜெயா வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். "டீச்சரே, பைய எழுதுங்க. அவசரமில்ல."

முதல் அடி, முன்கை, வாரை விடுவிக்க. எழுதினேன்.

இரண்டாவது அடி, தோள்பட்டை, அதே காரணம். எழுதினேன்.

மூன்றாவது அடி, தலை. அவன் விட்டுவிட்டான். டீச்சரே என்று கூப்பிட்டான். அது எனக்குத் தெரியும். தெரிந்தே அடித்தேன்.

கையெழுத்துப் போட்டேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஜெயா வாசிக்கிறாள், உதடு அசைய, வகுப்பில் வாசிப்பதுபோல். மூன்றாவது வரிக்கு வந்துவிட்டாள்